அடி ஓரிடம், வலி வேறிடம்: கடலின் உயிர்ச்சூழலை மனிதர் மாற்றும் விதம்

1741ஆம் ஆண்டின் இறுதியில் விட்டஸ் பெரிங் என்பவரின் கப்பல் வட பசிபிக்கில் ஆளில்லாத ஒரு தீவில் ஒதுங்கியது. பெரிங் அங்கேயே இறந்துபோனார். மிஞ்சிய மாலுமிகள் குளிர்காலத்தை எப்படியோ தாக்குப்பிடித்து, மறு ஆண்டு ருஷ்யக் கரைக்குத் திரும்பினார்கள். வரும்போது கடல் நீர்நாய்த் தோல்களைக் கொண்டுவந்தார்கள். விலங்குகளிலேயே மிக அடர்த்தியான உரோமம் கடல் நீர்நாய்க்குத்தான். அதன் விலை தெரிந்த பிறகு யார் சும்மா இருப்பார்கள்? ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வேட்டை நடந்தது. 1911இல் நான்கு நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டு அதை நிறுத்தியபோது, உலகம் முழுவதும் இரண்டாயிரம் நீர்நாய்கூட மிஞ்சவில்லை என்பது மதிப்பீடு.

இதில் நீர்நாய்க்கு நேர்ந்தது எல்லாருக்கும் புரியும். அதன் பிறகு கடலுக்கு என்ன ஆனது என்பது அவ்வளவு எளிதில் புரியாது.

நீர்நாய் தினமும் தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இரை தின்னும். அந்த இரையில் முக்கியமானது கடல் முள்ளெலி. பந்துபோன்ற உடம்பெல்லாம் முள்ளாக, பாறையில் ஊர்ந்து திரியும் ஒரு சிறு உயிரி. முள்ளெலிக்கு உணவு கெல்ப் எனப்படும் பெரிய கடற்பாசி. குளிர்ந்த கடல்களில் கெல்ப் பாறையைப் பற்றிக்கொண்டு மேற்பரப்பு வரை வளர்ந்து, தண்ணீருக்குள் ஒரு காடாகவே நிற்கும். மீன் குஞ்சுகள் ஒளிவதும் நண்டுகள் வாழ்வதும் அங்கேதான். நீர்நாய் போனது, முள்ளெலி பெருகியது, காடு அடியோடு மேயப்பட்டது. 1970களில் ஜேம்ஸ் எஸ்டெஸ் என்ற உயிரியலாளர் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் இதை ஒப்பிட்டுப் பார்த்தார். நீர்நாய்கள் மீண்டு வந்திருந்த தீவுகளைச் சுற்றிக் கெல்ப் காடு இருந்தது. மீளாத தீவுகளைச் சுற்றி வெறும் பாறையும் முள்ளெலியும்தான்.

தோல் வாங்கியவர்கள் யாரும் கெல்ப்பைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கடலுக்கு மனிதர் செய்யும் கெடுதலைப் பேசும்போது குப்பை, எண்ணெய், கழிவு என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பட்டியல் தவறல்ல. ஆனால் கடலில் அடி விழும் இடம் ஒன்று, வலிக்கும் இடம் வேறாக இருக்கும். நடுவில் இருக்கும் தொடர்பு தெரியாவிட்டால் பட்டியலால் பயனில்லை.

சூழல் அமைப்பு என்று சொல்வது அந்தத் தொடர்பைத்தான். யார் யாரைத் தின்கிறார்கள், யார் யாருக்கு இடம் கொடுக்கிறார்கள், ஒன்றின் கழிவு எதற்கு உணவாகிறது, இவை எல்லாவற்றுக்கும் கீழே தண்ணீரின் வெப்பம், உப்பு, ஆக்சிஜன், வெளிச்சம் எப்படி இருக்கின்றன. இதில் எதைத் தொட்டாலும் மற்றதில் தெரியும்.

வெளிச்சம் உள்ள மேலடுக்கு

கடலின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். சூரிய ஒளி பயனுள்ள அளவுக்கு இறங்குவது மேலே இருக்கும் 200 மீட்டருக்குள்தான். அந்த மெல்லிய அடுக்கில் கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிரிகள் ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவற்றின் வேலை. இவற்றைச் சிறு விலங்கு மிதவைகள் தின்னும், அவற்றைச் சிறு மீன்கள், அவற்றைப் பெரிய மீன்கள். கும்மிருட்டான ஆழ்கடலில் இருப்பவற்றில் பெரும்பாலானவையும் மேலிருந்து உதிர்ந்து விழுவதைத் தின்றுதான் பிழைக்கின்றன.

ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி ஆற்றல் நீந்துவதிலும் மூச்சுவிடுவதிலும் செலவாகிவிடும். தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போய்ச் சேரும். ஒரு கிலோ சூரை மீன் வளர அதற்குக் கீழே பத்து கிலோ இரை மீன், அதற்கும் கீழே நூறு கிலோ மிதவை என்று கணக்கு விரியும். பெரிய மீன்கள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதற்கும், பிடித்தால் சீக்கிரம் தீர்ந்துபோவதற்கும் இது ஒரு காரணம்.

இதே ஏணியில் நஞ்சு எதிர்மாறாக நடந்துகொள்கிறது. மெத்தில் பாதரசம் போன்றவை உடம்பை விட்டு எளிதில் வெளியேறாது. பத்து கிலோ இரையில் இருந்த பாதரசத்தின் பெரும்பகுதி ஒரு கிலோ மீனுக்குள் வந்து தங்கிவிடும். மேலே ஏற ஏற உணவு மெலிகிறது, நஞ்சு தடிக்கிறது. ஜப்பானின் மினமாட்டா ஊரில் ஒரு ரசாயன ஆலை பல ஆண்டுகளாகப் பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. 1956இல் அங்கே நரம்பு நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அதற்கு முன்பே மீன் தின்ற பூனைகள் தடுமாறி விழுந்து செத்துக்கொண்டிருந்தன. விரிகுடாவின் தண்ணீரைக் குடித்து யாருக்கும் நோய் வரவில்லை, மீன் தின்றதால் வந்தது. கழிவைக் கடலில் கலந்துவிட்டால் கரைந்து இல்லாமல் போய்விடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கொடூரமான பதில் கிடையாது.

தீராது என்று நினைத்த மீன்

1883இல் லண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில், பெரிய கடல் மீன்வளங்கள் அநேகமாகத் தீரவே தீராதவை என்று தாமஸ் ஹக்ஸ்லி பேசினார். அவர் சாதாரண ஆள் இல்லை, அந்தக் காலத்தின் பெரிய விஞ்ஞானிகளில் ஒருவர். அவர் சொன்ன உதாரணங்களில் ஒன்று குளிர்ந்த கடல்களில் வாழும் காட் என்ற பெரிய மீன்.

அன்றைய பாய்மரப் படகுகளையும் தூண்டில் கயிறுகளையும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது அவ்வளவு அபத்தமாகத் தெரியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறையவைக்கும் பெரிய இழுவலைக் கப்பல்கள் பல நாடுகளிலிருந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு வந்தன. 1968இல் அந்தக் கரையின் காட் மீன் பிடிப்பு சுமார் 8 லட்சம் டன்னைத் தொட்டது. கனடா 1977இல் 200 கடல் மைல் எல்லையை வகுத்து வெளிநாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்தியது. பிறகு தன் சொந்தக் கப்பல்களை வைத்தே அந்த வேலையைத் தொடர்ந்தது. 1992 ஜூலையில் காட் பிடிப்பதற்கே தடை போட வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 30,000 பேருக்கு வேலை போனது. சில ஆண்டுகளில் மீன் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். தடை முழுதாக விலகியது 2024இல். அப்போதும் அனுமதித்த அளவு 18,000 டன்தான்.

ஏன் இவ்வளவு தாமதம்? காட் இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே பல ஆண்டுகள் ஆகும். பெரிய தாய் மீன் இடும் முட்டைகள் சின்ன மீனுடையதைவிடப் பல மடங்கு. பெரியதையே தேடிப் பிடித்தால் போவது எடை மட்டுமில்லை, அடுத்த தலைமுறையும்தான். அப்புறம், காட் இல்லாத கடல் அதற்காகக் காலியாகக் காத்திருக்கவில்லை. காட் தின்றுவந்த இறாலும் நண்டும் பெருகின. காட் மீனுக்கு முக்கிய இரையான கேப்லின் என்ற சிறு மீனும் அதே காலத்தில் வெகுவாகக் குறைந்துபோனது. நாம் ஒரு மீனை எடுத்தோம், மற்றவை இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. திரும்பி வருவதற்குப் பழைய இடம் அப்படியே இருப்பதில்லை.

உலக உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் கணிப்பில், கண்காணிக்கப்படும் கடல் மீன் தொகுதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாங்கும் அளவைத் தாண்டிப் பிடிக்கப்படுகின்றன. கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவலை குறிவைத்த மீனோடு வேண்டாததையும் அள்ளும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளரும் ஆழ்கடல் பவளங்களை ஒரே இழுப்பில் உடைத்தும் போடும்.

ஆற்றோடு வரும் உரம்

ஒரு வயலில் உரம் போடுகிறார்கள். பயிர் எடுத்தது போக மிஞ்சிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் மழையில் வாய்க்காலுக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும், கடைசியில் கடலுக்கும் போகின்றன. உரம் கடலுக்குப் போனாலும் உரம்தான். மிதவைப் பாசிகள் செழித்துப் பெருகும். கேட்டால் நல்ல விஷயம்போலத் தோன்றும். தின்று தீர்க்க முடியாத அளவுக்குப் பெருகிய பாசி செத்து அடியில் படியும்போதுதான் சிக்கல். அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். கோடையில் மேலே இளஞ்சூடான, உப்புக் குறைந்த ஆற்று நீர் ஓர் அடுக்காகக் கிடப்பதால் காற்றிலிருந்து புது ஆக்சிஜன் அடிவரை இறங்காது. நீந்தத் தெரிந்தவை ஓடிவிடும். சிப்பியும் புழுவும் எங்கே ஓடும்? அங்கேயே மூச்சுமுட்டிச் சாகும்.

இப்படிப்பட்ட இடங்களை இறந்த மண்டலம் என்கிறார்கள். மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் ஒன்று உருவாகிறது. 2017இல் அதன் பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர், அங்கே அளந்தவற்றில் மிகப் பெரியது. அதை உண்டாக்கும் சோளவயல்களில் பெரும்பாலானவை கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. அந்த உழவர் கடலைப் பார்த்திருக்கக்கூட வேண்டியதில்லை.

கருங்கடலில் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. டான்யூப் முதலிய ஆறுகள் கொண்டுவந்த உரத்தால் 1970களிலும் 80களிலும் அதன் வடமேற்குப் பகுதியின் அடிநீர் ஆக்சிஜன் இழந்தது. பெரிய மீன்கள் முன்பே பிடித்துத் தீர்க்கப்பட்டிருந்தன. இந்த நிலையில் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கரையோரங்களைச் சேர்ந்த, ஜெல்லிமீன்போலத் தோன்றும் சீப்பு ஜெல்லி என்ற உயிரி அங்கே வந்து சேர்ந்தது. சரக்கு இல்லாத கப்பல் ஆடாமல் நிற்கத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். ஒரு துறைமுகத்தில் நிரப்பியதை இன்னொரு துறைமுகத்தில் கொட்டும்போது உள்ளே இருக்கும் லார்வாக்கள் எனப்படும் இளம் குஞ்சுகளும் பாசிகளும் சேர்ந்து கொட்டும். அப்படித்தான் இதுவும் வந்திருக்க வேண்டும். கருங்கடலில் அதைத் தின்ன யாரும் இல்லை. மிதவைகளையும் மீன் முட்டைகளையும் தின்று அது கொழுத்துப் பெருகியது. 80களின் இறுதியில் நெத்திலிப் பிடிப்பு சரிந்தது.

பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. சோவியத் ஒன்றியமும் அதைச் சார்ந்த பொருளாதாரங்களும் நொறுங்கியபோது உழவர்களால் உரம் வாங்க முடியவில்லை. சில ஆண்டுகளில் இறந்த மண்டலம் சுருங்கியது. 1997இல் இன்னொரு அந்நிய ஜெல்லி வந்து சேர்ந்தது. அது முதல் ஜெல்லியையே தின்னும் வகை. கருங்கடல் கொஞ்சம் மூச்சுவிட்டது. இதைப் படித்துவிட்டு, பிரச்சினையைத் தின்ன இன்னொரு உயிரைக் கொண்டுவந்து விடலாம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அது குருட்டு அதிர்ஷ்டம். கப்பல் தொட்டி நீரைச் சுத்திகரிக்கச் சொல்லும் உலக ஒப்பந்தம் 2004இல் எழுதப்பட்டு, 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயில் அதை உடைத்துத் துகளாக்குமே தவிர அழிக்காது. கடலிலேயே மிக ஆழமான மரியானா அகழியிலிருந்து எடுத்த உயிரிகளின் வயிற்றில்கூடத் துகள்கள் கிடைத்திருக்கின்றன. கடலில் தொலைந்துபோன நைலான் வலைகள் யாரும் இழுக்காமலேயே ஆண்டுக்கணக்கில் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். இவ்வளவும் உண்மை. ஆனாலும் கடல் என்றால் பிளாஸ்டிக் என்று பேச்சு முடிந்துபோவது எனக்கு உறுத்துகிறது. குப்பை கண்ணுக்குத் தெரிவதால் அதற்கு இவ்வளவு கவனம். நைட்ரஜனையும் அடுத்துச் சொல்லப்போகும் வெப்பத்தையும் எந்த நிழற்படமும் காட்டாது.

புகை போய்ச் சேரும் இடம்

நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் காற்றில் விடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த வாயுக்களால் பூமியில் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 சதவீதமும் கடலுக்குள்தான் போகிறது. கடல் இல்லாவிட்டால் நாம் இன்னும் மோசமாக வெந்திருப்போம்.

கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்தால் அமிலமாகும். தொழிற்புரட்சிக்கு முன் 8.2ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பிஹெச் அளவு இப்போது 8.1க்கு அருகில். பிஹெச் என்பது அமிலம், காரம் இவற்றைக் காட்டும் எண், அது குறைந்தால் அமிலத்தன்மை கூடியது என்று பொருள். இந்த அளவுகோலின் கணக்குப்படி அது ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடியதற்குச் சமம். கடல் இன்னமும் காரத்தன்மை உடையதுதான். யாரையும் அரித்துவிடாது. ஆனால் கூடிய ஹைட்ரஜன் அயனிகள் கார்பனேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. ஓடு கட்டும் சிப்பிக்கும் பவளத்துக்கும் வேண்டியது அதே கார்பனேட். ஆளான சிப்பி சமாளித்துவிடும். பிறந்து ஓரிரு நாளான குஞ்சு தன் முதல் ஓட்டைக் கட்டும் நேரத்தில் தடுமாறும். 2000களின் பிற்பாதியில் அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் சிப்பிக்குஞ்சுப் பண்ணைகளில் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. முதலில் கிருமி என்று சந்தேகப்பட்டார்கள். ஆழத்திலிருந்து மேலெழுந்த கார்பன் மிகுந்த நீர்தான் காரணம் என்று பின்னர் தெரிந்தது.

வெப்பத்தின் பாதிப்பை நேரடியாகப் பார்க்க வேண்டுமானால் பவளப்பாறைக்குத்தான் போக வேண்டும். பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. இடம் கொடுத்த வீட்டுக்காரருக்குப் பாசி சர்க்கரையாக வாடகை தருகிறது, பவளத்தின் உணவில் பெரும்பகுதி அந்த வாடகைதான். வழக்கமான உச்சக் கோடையைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் இந்த உறவு முறிந்து, பவளம் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெள்ளையாகும். உடனே செத்துவிடாது, பட்டினி கிடக்கும். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். உலகம் தழுவிய வெளிறல் முதலில் 1998இல் வந்தது. அடுத்து 2010, பிறகு 2014 முதல் 2017 வரை. நான்காவது நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். வெளிறல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் கவலைப்பட வேண்டியது. ஒரு பாறை தேறுவதற்குப் பத்து ஆண்டு வேண்டுமென்றால், அந்தப் பத்து ஆண்டு இப்போது கிடைப்பதில்லை. கடற்பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லாத பவளப்பாறைகளை நம்பிக் கடல் இனங்களில் கால் பங்கு வாழ்கின்றன.

அடிமேல் அடி

இதுவரை ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொன்னது விளக்க வசதிக்காக மட்டும். கடலில் அவை சேர்ந்தேதான் வரும்.

கரீபியன் கடலில் பவளப்பாறைமேல் படரும் பாசியை மேய்ந்து சுத்தமாக வைத்திருந்தவை கிளிமீன் போன்ற மீன்களும், நீண்ட கருமுள் கொண்ட ஒரு முள்ளெலியும். ஜமைக்காவில் அந்த மீன்களைப் பல பத்தாண்டுகளாகப் பிடித்துக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் பாறை நன்றாகத்தான் இருந்தது, ஏனென்றால் முள்ளெலி தனியாளாக அந்த வேலையைப் பார்த்தது. 1983இல் ஒரு நோய் பரவி கரீபியன் முழுவதும் அந்த முள்ளெலிகளில் 90 சதவீதத்துக்கு மேல் செத்தன. பாசி பாறையை மூடியது. அதற்கு முன் 1980இல் ஒரு பெரும்புயல் பாறைகளை உடைத்திருந்தது. ஜமைக்காவில் பாறைப்பரப்பில் பாதிக்கு மேல் உயிர்ப்பவளமாக இருந்தது, 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. பசிபிக்கில் காட்டை அழித்த முள்ளெலியின் உறவினர்கள்தான் இங்கே காவலர்கள். ஓர் உயிரியை நல்லது, கெட்டது என்று முத்திரை குத்த முடியாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

வடக்குக் கலிபோர்னியாவிலும் இதே அடுக்கு. 2013இல் நட்சத்திர மீன்களை ஒரு நோய் தாக்கியது. முள்ளெலி தின்னும் சூரியகாந்தி நட்சத்திர மீன் அங்கே அநேகமாக இல்லாமலே போனது. அடுத்த ஆண்டே கடல் வெப்ப அலை வந்து கெல்ப்பை நலிவாக்கியது. முள்ளெலிகள் பெருகி, அந்தக் கரையின் கெல்ப் காட்டில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. நீர்நாயாவது இருந்திருக்கலாமே? அவை அந்தக் கரையில் தோல் வேட்டைக் காலத்தில் அழிந்தவை, திரும்பவே இல்லை. அவை எஞ்சியிருந்த மத்தியக் கலிபோர்னியாவில் கெல்ப் திட்டுத்திட்டாகவாவது பிழைத்தது. இந்தக் காட்டின் அழிவுக்குக் காரணம் யார் என்று கேட்டால், 2014இல் வந்த வெப்ப அலையோடு 18, 19ஆம் நூற்றாண்டுகளின் வியாபாரிகளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எது எப்போது திரும்பும்

சரி, நிறுத்தினால் சரியாகுமா? எதை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. கப்பல்கள் கடலுக்குள் எழுப்பும் சத்தம் உடனே போய்விடும். 2001 செப்டம்பர் தாக்குதலை அடுத்த சில நாட்கள் கப்பல் போக்குவரத்து குறைந்தபோது, கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் நீருக்கடி இரைச்சல் தணிந்தது. அங்கிருந்த ரைட் திமிங்கிலங்களின் சாணத்தில் மன அழுத்த ஹார்மோனும் குறைந்திருந்தது. உரம் குறைந்தால் பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும், கருங்கடலில் கண்டதுபோல. வேட்டை என்றால் தலைமுறைக் கணக்கு. வணிகத் திமிங்கில வேட்டைக்கு 1986இல் இடைக்காலத் தடை நடைமுறைக்கு வந்தது. தென்மேற்கு அட்லாண்டிக்கில் சில நூறாகக் குறைந்திருந்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இன்று சுமார் 25,000. அண்டார்டிக் நீலத் திமிங்கிலங்களோ இன்னும் பழைய எண்ணிக்கைக்கு அருகில்கூட வரவில்லை.

மெக்சிகோவின் காபோ புல்மோவில் 1995இல் கடல் பூங்கா அமைத்து, உள்ளூர் மீனவர்களே முன்நின்று மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். 1999க்கும் 2009க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை ஐந்து மடங்குக்கு மேல் ஆனது. எல்லாப் பூங்காவும் இப்படி ஆவதில்லை. வரைபடத்தில் மட்டும் கோடு போட்டு, வலையை அனுமதிக்கும் பூங்காக்களும் ஏராளம்.

கரைந்த கார்பனுக்கு இந்தக் காலக்கணக்கே வேறு. புகையை நாளைக்கே நிறுத்தினாலும் கடலின் வேதியியல் பழைய நிலைக்குத் திரும்ப ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும், ஆழ்கடலின் சூடு நூற்றாண்டுகளுக்கு நீடிக்கும். அப்படியானால் ஒரு சிறிய நாடு தன் பாறைக்காக என்ன செய்துவிட முடியும் என்று கேட்கத் தோன்றும். கரீபியன் கரையில் இருக்கும் சிறு நாடான பெலிஸ் 2009இல் கிளிமீன் பிடிப்பதைத் தடைசெய்தது. அந்தத் தடையால் தண்ணீர் குளிராது, அடுத்த வெளிறலும் நிற்காது. வெளிறிச் செத்த பவளத்தின்மேல் பாசி அடர்ந்துவிட்டால் புதிய பவள லார்வா ஒட்ட இடம் கிடைக்காது. கிளிமீன் இருந்தால் சுரண்டித் தின்று பாறையை வெளியே காட்டும், லார்வா வந்து ஒட்டும்.